ஒற்றைக் கொம்பு

கிருஷ்ணவேணிக்குக் கோபம் மூக்கின் மேல் என்பது விழுப்புரம் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்தும் ஒருத்தன் அவள் கடைப்படி ஏறி, "அக்கா, சௌக்கியமா?" என்று கேட்கிறான் என்றால், அவன் விவரம் கெட்டவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டுமென்றே வந்தவனாக இருக்க வேண்டும். நடராசன் விவரம் கெட்டவன் இல்லை. திண்டிவனத்தில் வக்கீல்.

"யாருக்கு யாரு அக்கா?" என்றாள் கிருஷ்ணவேணி. "கடைக்காரம்மான்னு கூப்பிடு. இன்னா வேலையா வந்தே?"

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆவணி மாசம். கடைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். கிருஷ்ணவேணியின் புருஷன் சக்கரபாணி அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா முனியம்மாள் மூலையில் தையல் சட்டத்தின் முன் உட்கார்ந்து தாள்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணி தோலில் தங்க எழுத்துப் போடுகிறவள். புத்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் அந்த வட்டாரத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். தோலட்டையில் தங்கம் பதிக்க வேண்டுமென்றால் ஒன்று பட்டணத்துக்குப் போக வேண்டும், அல்லது கிருஷ்ணவேணியிடம் வந்து நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நடராசன் ரிக்ஷாக்காரனை வைத்துப் பத்துத் தடிப் புத்தகங்களை இறக்கினான். எல்லாம் சட்டப் புத்தகம். ஒவ்வொன்றும் நாலு விரல் தடிமன்.

"எங்க வக்கீலுங்க உக்காந்து படிக்கிற ரூமுக்கு நான் குடுக்கறேன். தோல் அட்டை. முதுகுல தங்கத்துல பேரு. தமிழ்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: பெ. நடராசன்.

கிருஷ்ணவேணி சீட்டைப் பார்த்தாள். காது மடல் சூடாகிவிட்டது அவளுக்கு.

கோபம் வராமல் என்ன செய்யும்? முகையூரில் மல்லாட்டை விளையும் காடும் மாடும் கன்றுமாய் இருந்த பெரியதம்பி, தாலி கட்டிய முனியம்மாளையும் எட்டு வயசுப் பெண் கிருஷ்ணவேணியையும் விட்டுவிட்டுப் பனமலைக்குப் போய்ப் பவுனு என்கிறவளோடு குடித்தனம் வைத்தார். பவுனுக்கு அவர் தாலி கட்டவில்லை. கட்டவில்லையே தவிர, பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் இப்போது கோட்டும் சூட்டுமாய் வந்து நிற்பது. முனியம்மாள் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வந்து, ஒரு பைண்டிங் கடையில் ஊசி பிடித்து, விரலெல்லாம் காய்த்துப்போய்ப் பெண்ணை ஆளாக்கினாள். பெரியதம்பி செத்த அன்றைக்குப் பனமலைக்கு ஓடினார்கள். தெருமுனையிலேயே பவுனு வீட்டு ஆட்கள் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொள்ளி வைத்தவன் நடராசன். செத்த முகத்தைக்கூடப் பார்க்காமல், விழுப்புரத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து முனியம்மாள் தாலியைக் கழற்றினாள். அன்றைக்குக் கிருஷ்ணவேணி மனசுக்குள் கறுவிக்கொண்டது, பதினோரு வருஷம் ஆகியும் ஆறவில்லை.

இதில் அந்தச் சீட்டு எங்கே வருகிறது என்றால், நடராசன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கையெழுத்துப் போடப் பெரியதம்பி வரவில்லை. வெட்கமோ சோம்பலோ, வரவில்லை. பவுனுதான் போனாள். ஹெட்மாஸ்டர் அவள் பேரைக் கேட்டு, அதிலிருந்தே ஒரு எழுத்தை எடுத்துப் பையன் பேருக்கு முன்னால் போட்டுவிட்டார். ப. நடராசன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மா பேரை இனிஷியலாக வைத்திருக்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துக்குப் படிக்கப் போனவன், வக்கீலாகித் திரும்பும்போது பெ. நடராசனாக வந்தான். ப-வுக்கு முன்னால் ஒரு ஒற்றைக் கொம்பு. பவுனுக்கும் பெரியதம்பிக்கும் நடுவில் இருந்ததெல்லாம் அந்த ஒரு கொம்புதான்.

அதைத் தங்கத்தில் போட வேண்டுமாம். அதுவும் கிருஷ்ணவேணி கையால்.

"கொம்பு அச்சு தேஞ்சி போச்சி," என்றாள். "வேற எங்கயாவது போய்ப் போட்டுக்க."

நடராசன் சுவரைப் பார்த்தான். அங்கே மாதிரிக்காகப் போட்டு மாட்டியிருந்த தோல் பலகையில் 'தென்னார்க்காடு ஜில்லா' என்று பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"தென்னார்க்காட்டுக்கு இருக்கிற கொம்பு பெரியதம்பிக்கு இல்லையா?"

வக்கீல் வாய் இல்லையா, அப்படித்தான் இருக்கும். 

"மெட்ராஸ்ல போடறவன் இருக்கான், எனக்குத் தெரியாம இல்ல," என்றான் நடராசன். "ஆனா இது இந்த வீட்டுக் கையால விழணும். நீங்க போட்டுட்டீங்கன்னா அப்புறம் எவனும் என்னைப் பாத்து வாயைத் தொறக்க மாட்டான்." மூலைப் பக்கம் திரும்பினான். "நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா."

முனியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "யாருக்கு யாரு பெரியம்மா? வேணி, அந்தப் பையனை வெளிய போவச் சொல்லு."

அதற்குள் சக்கரபாணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். மனுஷன் நல்லவர்தான். ஆனால் வக்கீல், போலீஸ், ரயில்வே டிக்கெட் பரிசோதகர் என்றால் அவருக்கு முழங்கால் தன்னால் மடியும். "பண்ணிடலாங்க. கொம்பு அச்சு இருக்குதுங்க. வேணி கோவத்துல சொல்லுதுங்க. ஈரல் கலர்ல ஆட்டுத்தோல் இருக்குதுங்க, பிரமாதமா இருக்கும்," என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டு, புத்தகங்களை உள்ளே அடுக்கி, அவனை ரிக்ஷா வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது கிருஷ்ணவேணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா, குடையும் புடிச்சிக்கினு போயிருக்கலாமே?"

"வேணி, அவன் வக்கீலு. பேஜாரு புடிச்ச வேலையெல்லாம் பண்ணுவான். போடறது ஒரு எழுத்து..."

"ஒரு எழுத்தா? எங்கம்மா அந்த ஆளு தெருமுனையில உக்காந்து அழுதது உனக்குத் தெரியுமா? வெரட்டினவ பெத்த புள்ளைக்கு நான் அந்த ஆளு எழுத்தைத் தங்கத்துல போடணுமா? கையை வெட்டிக்குவேன்."

மூன்று நாள் வீட்டில் கேப்பைக் கூழைத் தவிர எதுவும் வேகவில்லை. சக்கரபாணி மென்று விழுங்கினார், கூழையும் சேர்த்து. நாலாம் நாள் காலையில் கிருஷ்ணவேணி எழுந்து தலைக்குக் குளித்து, குழம்பு வைத்து, "அட்டை ரெடியா? நான் எழுத்துப் போடறேன்," என்றாள். அவருக்கு அப்பாடா என்று இருந்தது. முப்பத்தாறு வயசில் ஒருத்தி திடீரென்று சாந்தமாகிவிட்டாள் என்றால் என்னவோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவள் யோசனை இதுதான். முன்பெல்லாம் தங்கம் பதிக்கிறதென்றால் ரேக்குதான், ஊதினால் பறக்கிற தங்கத் தகடு. தோலில் முட்டை வெள்ளைக்கருவைத் தடவிக் காயவிட்டு, கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு ரேக்கை எடுத்து வைக்க வேண்டும். பக்கத்தில் ஒருத்தர் தும்மினால் தங்கம் சுவரேறிவிடும். அசல் ரேக்குக்கும் பித்தளை ரேக்குக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரியும், ஏமாற்ற முடியாது. இரண்டு வருஷமாகப் பட்டணத்திலிருந்து சுருள் வர ஆரம்பித்திருந்தது. மெல்லிய தாளில் தங்கம் பூசி, ரிப்பன் மாதிரிச் சுற்றி வரும். தோல்மேல் விரித்து, சுட்ட அச்சை வைத்து அழுத்தினால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். அதில் அசலும் உண்டு, ஜிகினாவும் உண்டு. கண்ணுக்கும் கைக்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அசல் தலைமுறைக்கும் நிற்கும். ஜிகினா ஒரு மழைக்காலம் தாண்டினால் கறுத்துவிடும்.

அதனால் சுருள் வந்த அன்றைக்கே கிருஷ்ணவேணி ஒரு துண்டு கிழித்து உப்பும் புளியும் தடவிச் சோதித்துப் பார்த்துவிடுவாள். அசலுக்குச் சிவப்பு நூல், ஜிகினாவுக்கு வெள்ளை நூல். அதை முதலில் கட்டி வைக்கிறவள் முனியம்மாள், வேலை முடிந்து திரும்பக் கட்டுகிறவள் கிருஷ்ணவேணி. நூல் சமாசாரம் எல்லாம் அந்தக் கடையில் அவளுடையது.

அன்று மத்தியானம் சக்கரபாணி சாப்பிடப் போயிருந்தபோது, கிருஷ்ணவேணி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வயிறு நிறையச் சந்தோஷம் இருந்தது அவளுக்கு. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, அவன் பேரை அசல் தங்கத்துல போடப் போறேன். கொம்பை மட்டும் ஜிகினாவுல."

"அப்டின்னா?"

"இப்ப பாத்தா எல்லாம் ஒண்ணா மின்னும். வாங்கிக்கினு போய்ப் பீரோவுல அடுக்குவான். ஐப்பசி, கார்த்திகை மழை அடிக்கட்டும். கொம்பு கறுத்துப் போயிடும். தோலும் ஈரல் கலரு. கறுத்தா இருக்கற எடம் தெரியாது. அப்புறம் பாக்கறவன் இன்னான்னு படிப்பான்? ப. நடராசன். பவுனு மவன் நடராசன். பத்துப் புக்குலயும். வக்கீலுங்க எல்லாரும் பாக்கற எடத்துல. என் கையால அவனுக்கு அப்பன் பேரு வேணுமாம், குடுக்கறேன் இரு."

முனியம்மாள் ஊசியை நிறுத்தினாள். எழுத்து வாசனை அவளுக்குக் கிடையாது. எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் மனசில் வாங்குவாள்.

"கொம்பு யாருது?"

"அப்பாவுது. கொம்பு போட்டாத்தான் பெரியதம்பி."

"அந்தப் ப?"

"அது பவுனு. ப-ன்னா பவுனுதான்."

"மத்ததெல்லாம்?"

"அவன் பேரு. நடராசன்."

"ம்," என்றாள் முனியம்மாள். மறுபடியும் ஊசியைக் குத்தினாள். அவ்வளவுதான். அம்மா ஆசீர்வாதம் பண்ணிவிட்டாள் என்று கிருஷ்ணவேணி எடுத்துக்கொண்டாள். மாசாமாசம் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மன் சந்நிதியில் கண்ணை மூடி நிற்கிறவள், அந்தப் பவுனு குடும்பம் நாசமாகட்டும் என்று வேண்டாமல் வேறு எதை வேண்டப் போகிறாள்?

மறுநாள் வேலை ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் பித்தளை அச்சுகள் காய்ந்தன. ஒவ்வொன்றையும் மரக்கைப்பிடியில் எடுத்து ஈரத்துணியில் ஒற்றி, சத்தத்தைக் காதால் கேட்பாள். சுர்ரென்று கத்தினால் சூடு அதிகம், தோல் வெந்துவிடும். முனகினால் போதும். முதலில் சிவப்பு நூல் சுருளை எடுத்தாள். முடிச்சு என்றைக்கும் இல்லாத இறுக்கமாக இருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். ப-வும் புள்ளியும், பிறகு ந, ட, ர, கால், ச, ன, மேலே ஒரு புள்ளி. முன்னால் கொம்புக்கு மட்டும் இடம் விட்டு, பத்துப் புத்தகத்திலும் ப. நடராசன் என்று நிறுத்தினாள். அதைப் பார்க்கப் பார்க்க இப்படியே கொடுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

பிறகு வெள்ளை நூல் சுருள். அதுவும் இறுகிக் கிடந்தது. அவிழ்த்தாள். கொம்பு அச்சைச் சூடு பார்த்து, "இந்தா, வாங்கிக்க," என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தடவை சொல்லி, பத்து அழுத்து அழுத்தினாள். மென்மையான துணியால் துடைத்தபோது ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. பெ. நடராசன், பெ. நடராசன் என்று பத்தும் சூரியன் மாதிரி ஜொலித்தன. சுருள்களை மறுபடியும் அதனதன் நூலால் கட்டி அலமாரியில் வைத்தாள்.

நடராசன் வந்து பார்த்தான். விரலை வைத்து மெதுவாகக் கொம்பைத் தடவினான். கண் கலங்கியது அவனுக்கு. கூச்சப்பட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நல்லா போட்டிருக்கீங்கக்கா," என்றான்.

"கடைக்காரம்மா," என்றாள் கிருஷ்ணவேணி. உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு. அழு, இப்போதே நன்றாக அழுதுகொள், இன்னும் நாலு மாசம் போகட்டும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை சொல்லி வைத்தது போலப் பெய்தது. மரக்காணத்துப் பக்கம் புயல் கரையேறி, திண்டிவனத்தில் மூன்று நாள் விளக்கில்லை என்று கேட்டபோது, ஊர் ஜனம் உச்சுக்கொட்டியது. கிருஷ்ணவேணி மட்டும் வானத்தைப் பார்த்து, நன்றாகப் பெய் என்றாள். திண்டிவனத்திலிருந்து யார் வந்தாலும் கோர்ட் பக்கம் போனீர்களா, என்ன சேதி என்று கேட்பாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தை பிறந்தது. மாசி வந்தது.

மாசியில் ஒரு காலை நேரம், நடராசன் படியேறி வந்தான். இந்தத் தடவை சௌக்கியம் விசாரிக்கவில்லை. கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு புத்தகம். முகம் கடுகடுவென்றிருந்தது. பார்த்ததும் கிருஷ்ணவேணிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"வாங்க வக்கீலய்யா," என்றாள். இத்தனை மரியாதை அவள் ஜன்மத்தில் யாருக்கும் கொடுத்ததில்லை. "தங்கம் எப்படி இருக்குது?"

"என்னை இப்ப இன்னான்னு கூப்பிடறானுங்க தெரியுமா?" என்றான் நடராசன். "கொம்பு. கொம்பு வக்கீலு. நான் உள்ள நுழைஞ்சா 'கொம்பு வந்துட்டாரு, வழிவிடுங்க, முட்டிடப் போறாரு'ன்றானுங்க. 'உனக்கு மட்டும் இன்னாப்பா கொம்பு முளைச்சிருக்குது'ன்றான் ஒருத்தன். பத்து நாளா நான் அந்த ரூமுக்கே போறதில்ல."

கிருஷ்ணவேணிக்குப் புரியவில்லை. கொம்பு போய்விட்டால் ப என்றல்லவா கூப்பிட வேண்டும்?

நடராசன் தாளைக் கிழித்துப் புத்தகத்தை மேசைமேல் போட்டான்.

ஈரல் நிறத் தோலில் எழுத்து எதுவும் இல்லை. கிட்டத்தில் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான், ந-வும் ட-வும் கருகின புல் மாதிரி ஒட்டிக்கிடப்பது தெரிந்தது. ப இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பள்ளம். அதற்கு முன்னால், தன்னந்தனியாக, நேற்றுப் போட்டது போல ஒற்றைக் கொம்பு தங்கமாய் மின்னியது.

 கிருஷ்ணவேணி அலமாரிக்குப் போய் இரண்டு சுருளையும் எடுத்தாள். சிவப்பு நூல், வெள்ளை நூல். எழுத்துப் போட்ட அன்றைக்குப் பல்லால் இழுத்து அவிழ்த்த முடிச்சுகள் ஞாபகம் வந்தன. அவள் கட்டினால் ஒரு இழுப்பில் அவிழும்படி கட்டுவாள். அப்படி இறுக்கிக் கட்டுகிற கை கடையில் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் மனசு அந்தப் பக்கம் போக மறுத்தது.

"அசல் தங்கம் கறுக்காது, அது எனக்கும் தெரியும்," என்றான் நடராசன். "வேணும்னுதான் பண்ணியிருக்கீங்க. எம்பேரைக் கறுக்க வெச்சீங்க, சரி. எங்கம்மா எழுத்தைக் கறுக்க வெச்சீங்க, சரி. ஆனா அப்பாவைத் தொடக் கை வரல பாருங்க உங்களுக்கு! அப்பாவை மட்டும் அசல் தங்கத்துல வெச்சிருக்கீங்க. இன்னா வீறாப்பு பேசினாலும் நீங்களும் அவர் புள்ளைதான்னு..."

இதைத்தான் கிருஷ்ணவேணியால் தாங்க முடியவில்லை. அவன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அப்பனிடம் அவளுக்குப் பாசம் என்று ஒருத்தன் சொல்லி, அதற்கு அத்தாட்சியாகத் தன் கைவேலையையே காட்டுகிறான்.

"அப்பாவா?" என்று கத்தினாள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்த ஆளுக்கு நான் தங்கம் வெப்பேனா? நான் கறுக்க வெச்சது கொம்பைடா! கொம்பு கறுத்துப் போயி, நீ பவுனு மவன் ப. நடராசன்னு ஊரு பாக்க நிக்கணும்னு, அதுக்குத்தான் ஜிகினா வெச்சேன். எங்கயோ சுருளு மாறிப் போச்சி!"

நடராசன் முகத்தில் ரத்தம் வற்றியது.  சக்கரபாணி கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார்.

"மாறல," என்றாள் முனியம்மாள்.

எல்லோரும் மூலைப் பக்கம் திரும்பினார்கள். அவள் தையல் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நூலை மாத்திக் கட்டினதும் நான்தான், மறுநாளே திருப்பிக் கட்டினதும் நான்தான்."

"அம்மா!"

"நீதானேடி சொன்னே. கொம்பு அந்த ஆளுது. ப அவளுது. மத்தது அவ பெத்ததுது. சொன்னியா இல்லையா? ரெண்டு வாட்டி கேட்டேனே. சொல்லிட்டு, கொம்பு கறுக்கணும்னியே, எந்த ஊரு நாயம்டி அது? எனக்குத் தாலி கட்டினது யாரு? என் புருஷனைக் கறுக்க வெச்சிட்டு, அவளையும் அவ புள்ளையையும் தங்கத்துல நிக்க வெக்கப் பாத்தியே. எனக்கு எழுத்துத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்?"

பெரியதம்பி என்கிற பேரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அவர் இருக்கும்போதும் இல்லை, போன பிறகும் இல்லை. திட்டும்போதுகூட 'அந்த ஆளு'தான். கட்டினவன் பேரைச் சொல்லக்கூடாது என்பதற்காகவா, சொல்லப் பிடிக்கவில்லை என்பதற்காகவா என்று கிருஷ்ணவேணி யோசித்ததே இல்லை. வெறுப்பு என்றே இருபத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெறுப்பில் பாதியைத் தான் சுமப்பதாக நினைத்துத்தான் இவ்வளவும் செய்தாள்.

"உனக்காகத்தானேம்மா பண்ணேன்," என்றாள் கிருஷ்ணவேணி.

"எனக்காகவா? என்னைக் கேட்டியா?" முனியம்மாள் இப்போது நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நெருப்பாக இருந்தது. "இஸ்கூல்ல படிக்கிறப்ப உன் பேருக்கு முன்னால இன்னா இருந்தது?"

 அஞ்சாவது வரைக்கும் அவள் பெ. கிருஷ்ணவேணி.

"இப்ப இன்னா இருக்குது?"

"ச.," என்றார் சக்கரபாணி, யாரும் கேட்காமலே. பிறகு ஏன் சொன்னோம் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ்ளோதான். கல்யாணம் ஆச்சி, நீ அந்த ஆளு எழுத்தைத் தூக்கிப் போட்டுட்டு இவரு எழுத்தை வெச்சிக்கினே. தப்பில்ல, ஊரு வழக்கம். எனக்கு எழுத்தே கிடையாது. அப்ப அது எங்கதான்டி இருக்குது? எங்கயோ திண்டிவனத்துல பத்துப் புக்கு முதுகுல கிடக்குது. அதையும் கறுக்க வெக்கணுமா உனக்கு? அவ கறுக்கட்டும், அவ பெத்தது கறுக்கட்டும். அந்த ஆளு மின்னட்டும். என்னை வுட்டுட்டுப் போன நாசமாப் போனவன், மின்னட்டும்."

 ஜங்ஷனில் ஏதோ வண்டி கிளம்பும் விசில் கேட்டது. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த அச்சின் கைப்பிடி கருகி நாறியது. எடுக்க வேண்டும் என்று கிருஷ்ணவேணிக்குத் தோன்றவில்லை.

சக்கரபாணிதான் மெல்ல வாயைத் திறந்தார். "ஐயா, மத்த ஒம்பதையும் அனுப்புங்க. நானே முன்னால நின்னு அசல் தங்கத்துல மாத்திக் குடுத்துடறேங்க."

நடராசன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கறுத்துப்போன தன் பேரின் மேலும், அம்மாவின் எழுத்து இருந்த பள்ளத்தின் மேலும் கட்டை விரலை ஒரு தரம் ஓட்டினான். கொம்பைத் தொடவில்லை. அவன் முகத்தில் கோபம் போகவில்லை. ஆனால் வரும்போது இருந்த கோபம் அது இல்லை.

"மாத்த வேணாம்," என்றான். "அவங்க வெச்சபடியே இருக்கட்டும்."

கிழிந்த செய்தித்தாளை நிதானமாகப் பொறுக்கிச் சேர்த்துப் புத்தகத்தை மறுபடியும் சுற்றினான். வாசல்படி வரைக்கும் போய்த் திரும்பி, கிருஷ்ணவேணியை நேராகப் பார்த்தான்.

"வர்றேங்க, கடைக்காரம்மா."

அவள் அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தாள். இரண்டு தடவை சொல்லியிருந்தாள். இருந்தும் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

பிறகு அவன் மூலைப் பக்கம் பார்த்தான்.

"வர்றேன், பெரியம்மா."

கிருஷ்ணவேணி சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். யாருக்கு யாரு பெரியம்மா என்று இதோ கேட்கப் போகிறாள், கேட்டே தீருவாள் என்று காத்திருந்தாள். முனியம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நுனியை எச்சில் தொட்டு முறுக்கி ஊசியில் கோத்தாள். அடுத்த தாள்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.